மரைன் தொட்டிக்கு மீடியா: டப்பாவில் உள்ள எண்ணை நம்பாதீர்கள்

மரைன் தொட்டி (கடல்மீன் தொட்டி) அமைக்க வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த மீடியாவுக்குப் பரப்பளவு அதிகம்?" என்றுதான். மீடியா என்பது, தண்ணீரைச் சுத்தம் செய்யும் நுண்ணுயிர்கள் ஒட்டி வளர ஃபில்டருக்குள் போடும் பொருள். டப்பாவில் அச்சிட்ட அந்த எண் கூடக் கூட விலையும் ஏறுகிறது. உண்மையில் அதைவிட முக்கியமானவை வேறு இருக்கின்றன.

மீனின் செவுளிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. சில நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, வேறு சில அதை நைட்ரேட்டாக்குகின்றன. கடல்நீர்த் தொட்டியின் பிஎச் 8.2-ஐ ஒட்டி இருக்கும். பிஎச் 7.2 உள்ள நன்னீரோடு ஒப்பிட்டால், அதே அளவு அம்மோனியாவில் நஞ்சாக இருக்கும் பங்கு இங்கே பல மடங்கு. அதனால்தான் இதில் அலட்சியம் கூடாது.

ஆனால் எத்தனை நுண்ணுயிர் வளரும் என்பதை நீங்கள் போடும் தீனிதான் தீர்மானிக்கிறது. மீடியாவை இரண்டு மடங்காக்கினால் அவை இரண்டு மடங்காகாது. டப்பாவில் உள்ள எண் கண்ணுக்குத் தெரியாத துளைகளையும் சேர்த்துப் போட்ட கணக்கு. நுண்ணுயிர்ப் படலமும் அழுக்கும் படிந்ததும் அந்தத் துளைகளில் பல அடைந்துபோகும்.

இந்த நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும். அம்மோனியாவில் உள்ள 1 கிராம் நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்றச் சுமார் 4.5 கிராம் ஆக்சிஜன் செலவாகும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்திருப்பதோ 6 மில்லிகிராம் அளவுதான். சென்னை மே மாதத்தில், சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாத தொட்டி அந்த வெப்பத்தைச் சுலபமாகத் தொட்டுவிடும். எனவே தண்ணீர் தடையில்லாமல் ஊடுருவிப் போகிற மீடியாவா, அழுக்கை எளிதாக அலசி எடுக்க முடியுமா என்று பாருங்கள். சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே வைக்கும் ஃபில்டர் தொட்டி) முதலில் அழுக்கைப் பிடிக்கும் பஞ்சு, அதற்கு அடுத்ததாக மீடியா. பயோ பால் (பிளாஸ்டிக் பந்து மீடியா) நைட்ரேட்டைக் கூட்டும் என்று ஒரு பெயர் இருக்கிறது. உண்மையில் முன்னால் பஞ்சு இல்லாமல் அதில் கழிவு தேங்கி அழுகுவதுதான் பிரச்சினை.

கனிஸ்டர் (மூடிய பெட்டி வடிவ ஃபில்டர்) வைத்திருப்பவர்கள் கரண்ட் போகும் நேரத்தை மனதில் வையுங்கள். மூடிய பெட்டிக்குள் தண்ணீர் நின்றுவிட்டால் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தீர்ந்து, நுண்ணுயிர் சாகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் அந்த அழுகிய நீர் நேராக மீனிடம் போகும். நீண்ட நேரம் நின்றிருந்தால், உள்ளே உள்ள நீரைக் கொட்டி, மீடியாவைத் தொட்டி நீரில் அலசிவிட்டு ஓட விடுங்கள். மெட்ரோ வாட்டரில் அலச வேண்டாம், அதில் குளோரின் இருக்கும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் வைத்திருங்கள்.

நோயுற்ற மீனுக்கு மருந்து கொடுக்கும் தொட்டிக்கு மட்டும் வேறு கணக்கு. சுண்ணாம்புக் கல்லும் பவள மணலும் காப்பர் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும், அப்புறம் மருந்தின் அளவு நிற்கவே நிற்காது. அங்கே ஸ்பாஞ்ச் அல்லது செராமிக் ரிங் போதும்.

எனக்கு மிகவும் கவலை தருவது 'லைவ் ராக்' (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் பவளக் கல்) விற்பனைதான். கடலிலிருந்து எடுத்த பவளக் கல்லை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கல்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. செத்துக் காய்ந்த பவளமும் இதில் அடக்கம். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். அங்கிருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரண்டும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. வீட்டு அழகுக்காக இன்னும் ஒரு கல்லைக்கூட அங்கிருந்து எடுக்கக் கூடாது.

மாற்று இருக்கிறது. செயற்கையாக வார்த்த கற்களை அடுக்கி, நோயில்லாமல் ஓடும் நண்பரின் மரைன் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி பழைய மீடியாவைச் சேருங்கள். நன்னீர்த் தொட்டி மீடியா இதற்கு உதவாது. நுண்ணுயிர்கள் போதிய அளவு வளரப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். மீன் இல்லாத தொட்டியில் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அளவுக்கு அம்மோனியா விட்டுப் பாருங்கள். 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தால், முதல் கோமாளி மீனை வாங்கலாம்.