மெதுவாகப் போகும் வண்டியிலிருந்து ஏன் இறங்கக் கூடாது?

கேளிக்கைப் பூங்காக்களில் ஓடும் ரைடுகளைப் பரிசோதிப்பது என் தொழில். சென்ற மாதம் ஒரு டார்க் ரைடில் வண்டிகள் சிறிது நேரம் நின்றபோது, ஒருவர் லேப் பாருக்கு (மடிமேல் இறங்கும் தடுப்புக் கம்பிக்கு) அடியிலிருந்து காலை உருவிக்கொண்டு இறங்கி, இரண்டு வண்டி தள்ளி அழுதுகொண்டிருந்த தம் மகளை நோக்கி இருட்டில் நடந்தார். தரையில் பதித்திருந்த உணரியை (சென்சாரை) அவர் மிதித்ததால், மறுபடி கிளம்பவிருந்த ரைடு கிளம்பாமல் நின்றது. யாருக்கும் அடிபடவில்லை. வெளியே அழைத்து வந்த ஆபரேட்டரிடம் அவர், "மெதுவாத்தானேங்க போகுது, இதுல என்ன ஆகிடப் போகுது?" என்று கேட்டார். படித்தவர், பொறுப்பான தகப்பனார். அவரைப் போன்றவர்களிடமிருந்து இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

கட்டடத்துக்குள், பெரும்பாலும் இருட்டில், வண்டியில் அமர்ந்தபடி காட்சிகளைக் கடந்து போகும் ரைடுகளையே டார்க் ரைடு என்கிறோம். வருகிறவர்கள் அவற்றைக் கதையைக் கொண்டு பிரிக்கிறார்கள்: பேய் வீடு, கடற்கொள்ளையர், விண்வெளி. எங்கள் பிரிவினையில் பேய்க்கு இடமில்லை. வண்டியை எது தாங்குகிறது, எது நகர்த்துகிறது, முன்வண்டிக்கும் பின்வண்டிக்கும் இடையிலுள்ள தூரத்தை எது காக்கிறது என்ற மூன்று கேள்விகளே எங்களுக்கு முக்கியம். இறங்கியவருக்கு ஆபத்து எந்தத் திசையிலிருந்து வரும் என்பதையும் இவையே தீர்மானிக்கின்றன.

டார்க் ரைடு வகைகளில் பழையது படகு. அமெரிக்காவின் கென்னிவுட் பூங்காவில் 1901-இல் தொடங்கிய ஓல்ட் மில் இன்றைக்கும் இருக்கிறது. டிஸ்னிலேண்டில் 1967-இல் திறந்த பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியனும் இந்த வகைதான். கால்வாயில் ஓடும் நீரே படகைத் தள்ளிக்கொண்டு போகிறது. படகுக்குப் பிரேக் கிடையாது. இறங்குமிடத்தை நெருங்கும்போது ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வரிசை கட்டும். படகின் விளிம்பில் விரலைத் தொங்கவிடாதீர்கள் என்று நாங்கள் கத்துவது தண்ணீரை நினைத்தல்ல, அடுத்த படகையும் சுவரையும் நினைத்துத்தான். தண்ணீர் ஆழமில்லை என்பது உண்மை. ஆனால் அடித்தளம் வழுக்கும், பம்பை நிறுத்தினாலும் ஓட்டம் அந்தக் கணமே நிற்காது, பின்னால் வரும் படகுகள் வந்துகொண்டேதான் இருக்கும். 2000 நவம்பர் 5 அன்று ஃப்ளோரிடாவிலுள்ள டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில், ஸ்ப்ளாஷ் மவுண்டன் ரைடில் சென்ற ஒருவர் உடல்நிலை சரியில்லை என்று சொல்லி, ஓடிக்கொண்டிருந்த படகிலிருந்து இறங்க முயன்றார். கண்ணில் பட்ட அவசர வழியை நோக்கித்தான் அவர் போனார். பின்னால் வந்த படகு மோதி இறந்துபோனார்.

அடுத்தது தரையில் ஒற்றைத் தண்டவாளம் வைத்த வண்டி. 1920-களின் இறுதியில் நியூ ஜெர்சியில் லியோன் காசிடி தொடங்கிய பிரெட்சல் நிறுவனம் இதைத்தான் ஊர் ஊராக விற்றது. பொருட்காட்சிகளில் ஓடும் கோஸ்ட் டிரெயின்களுக்கு இதுவே மூதாதை. வண்டியிலேயே மோட்டார் இருக்கும், மின்சாரம் தடத்திலிருந்து வரும். நீங்கள் இறங்கிக் கால் வைக்கும் இடத்தில் மின்சாரம் இருக்கலாம் என்பதற்கு மேல் இதில் விளக்க ஒன்றுமில்லை.

1967-இல் டிஸ்னிலேண்டில் அறிமுகமான ஆம்னிமூவர் என்ற வகையை இன்னும் கொஞ்சம் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். 1969-இல் திறந்த ஹான்டட் மேன்ஷன் இதற்குப் பெயர்போன உதாரணம். சரத்தில் கோத்த பூவைப்போல எல்லா வண்டிகளும் ஒரே தொடராக இணைந்து, தடம் முழுவதையும் நிரப்பியபடி நிற்காமல் நகர்கின்றன. ஏறுமிடத்தில் வண்டிகள் நிற்பதில்லை. அதே வேகத்தில் நகரும் தரைமீது நின்று நாம் ஏறிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வண்டியையும் தேவையான இடத்தில் தேவையான காட்சியை நோக்கித் திருப்புவதும் தடத்தோடு ஒட்டிய இயந்திர அமைப்பே. ஆகவே, வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்பது உங்களுக்குத் தெரியாது. அந்த அமைப்புக்கு மட்டும்தான் தெரியும். ஒருவர் ஏறத் தாமதமானாலோ, சக்கர நாற்காலியில் வந்தவருக்குக் கூடுதல் நேரம் தேவைப்பட்டாலோ தொடர் முழுவதும் நிற்கும், பிறகு முன்னறிவிப்பு ஏதுமின்றி நகரும். இருட்டில் ரைடு நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அதைப் பழுது என்று நினைத்து இறங்குகிறவர், மறு நிமிடம் நகரப்போகும் நூற்றுக்கணக்கான ஆட்களின் எடைக்குப் பக்கத்தில் நிற்கிறார். கதையோடு ஒட்ட வேண்டும் என்று, பேய்கள் குறும்பு செய்துவிட்டன, அமர்ந்தே இருங்கள் என்ற பாணியில் அறிவிப்புச் செய்யும் பழக்கமும் எங்கள் தொழிலில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கேட்பவர் சிரித்துவிட்டு மறந்துவிடுகிறார்.

தண்டவாளமே இல்லாத வண்டிகளும் புதியவை அல்ல. 1982-இல் ஃப்ளோரிடாவிலுள்ள டிஸ்னியின் எப்காட் பூங்காவில் திறந்த யூனிவர்ஸ் ஆஃப் எனர்ஜியில், ஒவ்வொன்றிலும் 97 பேர் அமரும் வண்டிகள் தரைக்கடியில் பதித்த கம்பியைப் பின்பற்றி நகர்ந்தன. 2000-இல் டோக்கியோ டிஸ்னிலேண்டில் வந்த ஹனி ஹன்ட், 2013-இல் ஹாங்காங்கில் வந்த மிஸ்டிக் மேனர், 2017-இல் நெதர்லாந்தின் எஃப்டெலிங் பூங்காவில் திறந்த சிம்பாலிகா ஆகியவற்றில் வண்டிகள் ஒரே கூடத்தில் சுழன்று, பின்னோக்கி வந்து, ஒன்றுக்கொன்று வழிவிட்டு நடனமாடுகின்றன. எந்த வண்டி எந்த நொடியில் எங்கே இருக்க வேண்டும் என்பதைக் கணினி கணக்கிட்டு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் வண்டிகள் மட்டுமே உண்டு, நடந்து போகும் மனிதர் இல்லை. தடையைக் கண்டு நிறுத்தும் உணரிகள் இருந்தாலும், கனமான வண்டி நிற்பதற்குச் சிறிது தூரம் வேண்டும். தண்டவாளம் தெரியாத வழவழப்பான தரை கல்யாண மண்டபம்போல் இருப்பதாலேயே இந்த வகையில் இறங்கத் துணிகிறவர்கள் அதிகம் என்பது என் அனுபவம்.

1995-இன் இண்டியானா ஜோன்ஸ் ரைடில் வந்ததுபோல், ஓடும் அடிச்சட்டத்தின்மேல் ஆட்டி அசைக்கும் மேடை பொருத்திய வண்டிகளும், 2010-இன் ஹாரி பாட்டர் ரைடில் வந்ததுபோல், இயந்திரக் கையின் நுனியில் இருக்கை மாட்டிய வண்டிகளும் தனி இனம். அவற்றில் பெல்ட்டையோ தோள் தடுப்பையோ கழற்றலாமா என்று யாரும் கேட்பதில்லை. பயம் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

வேகம் குறைவு, ஆகவே தடுப்பு சும்மா ஒப்புக்கு வைத்தது என்ற நம்பிக்கையைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. வண்டியின் ஆட்டமும் முடுக்கமும் எவ்வளவு என்று பார்த்து எந்த அளவு தடுப்பு தேவை என்று வகுக்கும் விதிகள், அமெரிக்காவில் தரங்களை வகுக்கும் ஏ.எஸ்.டி.எம். அமைப்பின் தரங்களில் இருக்கின்றன. அந்தக் கணக்கை மட்டும் பார்த்தால், மெதுவான டார்க் ரைடு பலவற்றுக்குத் தடுப்பே வேண்டியதில்லை என்றுகூட விடை வரலாம். ஆனால் வடிவமைப்பாளர் அதோடு நிறுத்தக் கூடாது. பயணி என்ன செய்வார், எழுந்தால் எங்கே விழுவார், குழந்தை எந்த இடைவெளியில் நழுவும் என்பதையும் ஆராய வேண்டும். ரோலர் கோஸ்டரில் தடுப்பு உங்களை வெளியே வீசப்படாமல் காக்கிறது. டார்க் ரைடில் அது நீங்களாக வெளியே போகாமல் காக்கிறது. இரண்டாவது வேலைக்கும் வேகத்துக்கும் தொடர்பே இல்லை. ஆட்களோடு சேர்த்து ஒரு டன் எடையுள்ள வண்டி நடைவேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேட்டில் ஏற்றவும் நிறை வண்டியை இழுக்கவும் போதுமான பலத்தோடு அதன் மோட்டார் தேர்வு செய்யப்பட்டிருக்கிறது. குறுக்கே ஒரு கால் அகப்பட்டால் அந்த மோட்டாருக்கு அது ஒரு சிறு சுமை, அவ்வளவுதான். வேகமான வண்டி இடித்துத் தள்ளும். மெதுவான வண்டி அடியில் இழுத்துக்கொண்டு நகரும்.

2000 செப்டம்பர் 22 அன்று டிஸ்னிலேண்டின் ரோஜர் ராபிட் ரைடில் இதுதான் நடந்தது. நான்கு வயதுச் சிறுவன், வண்டியின் திறந்த பக்கத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தான். லேப் பார் முழுதாக இறக்கப்பட்டிருக்கவில்லை. வெளியே விழுந்து வண்டியின் அடியில் சிக்கி, மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டான். வண்டியின் அடியில் ஆள் புகாதபடி சுற்றுத் தடுப்பும், எதையாவது தொட்டால் வண்டியை நிறுத்தும் உணரியும் அதன் பிறகுதான் வந்தன.

பெற்றோர்கள் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். இருவருக்கும் பொதுவான ஒற்றை லேப் பார், பெரியவரின் தொடையில் பட்டதும் நின்றுவிடும். பக்கத்தில் ஒல்லியாக அமர்ந்திருக்கும் குழந்தையின் மடிக்கும் பாருக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி இருக்கும். ஆபரேட்டர் அழுத்திப் பார்க்கும்போது பார் அசையாது, பூட்டும் சரியாகவே இருக்கும். குழந்தையைப் பொறுத்தவரை அங்கே தடுப்பு இல்லை. ஒரு பக்கம் மட்டும் திறந்த வண்டியில் குழந்தையை முதலில் ஏற்றி, நீங்கள் திறப்பின் பக்கம் அமர்ந்தால் அந்த இடைவெளிக்கு நீங்களே கதவு. இறங்கும்போது நீங்கள் முதலில். மடியில் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள்; உங்கள் வயிற்றுக்கும் பாருக்கும் நடுவில் குழந்தை இருக்கக் கூடாது.

கையை நீட்டினால் எதுவும் எட்டவில்லையே என்று சோதித்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு செய்தி. திறப்பதற்கு முன்பே நாங்கள் அதைச் சோதித்துவிட்டோம். உயரமான ஒருவர் அமர்ந்து கையை எல்லாப் பக்கமும் நீட்டினால் எதுவரை போகும் என்ற அளவில் ஒரு சட்டகம் செய்து, அதை வண்டியில் மாட்டித் தடம் முழுக்க ஓட்டுவோம். அது எங்கும் இடிக்கக் கூடாது. நீங்கள் எழுந்து நின்று செல்போனைத் தூக்கிப் பிடித்தால், அந்தச் சட்டகத்துக்கு வெளியே போய்விடுகிறீர்கள். அங்கே வாசல் விளிம்பும் விளக்குத் தாங்கியும் இருக்கின்றன.

தீப்பிடித்தாலும் உட்கார்ந்தேதான் இருக்க வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. 1979 ஜூன் 9 அன்று சிட்னி லூனா பார்க்கின் கோஸ்ட் டிரெயின் எரிந்து 7 பேர் இறந்தார்கள். 1984 மே 11 அன்று நியூ ஜெர்சியில், நடந்து பார்க்கும் ஒரு பேய்க் கோட்டை எரிந்து 8 பதின்வயதினர் இறந்தார்கள். இப்படிப்பட்ட கட்டடங்களுக்கு அமெரிக்கத் தீ விதிகள் இன்று தானியங்கி நீர்த்தெளிப்பான்களைக் கேட்கின்றன. புகை தெரிந்தால் சத்தமும் காட்சியும் நின்று, விளக்குகள் எரிய வேண்டும் என்கின்றன. ஆகவே அத்தகைய ரைடில் வெள்ளை விளக்கு எரிந்து ஆட்கள் வந்து அழைத்தால், யோசிக்காமல் அவர்கள் பின்னால் போங்கள். பாரை அவர்கள் கையாலேயே விடுவிப்பார்கள். இருட்டு இருட்டாகவே இருந்தால் உட்கார்ந்திருங்கள். தகரமும் துணியும் வைத்து அடைத்த தற்காலிகப் பேய் வீட்டில் ஏறுவதற்கு முன், வெளிவழி எங்கே என்று கேளுங்கள். பதில் சொல்ல ஆளில்லை என்றால் ஏறாதீர்கள்.

முந்தானையையும் துப்பட்டாவையும் செருகிக்கொள்ளுங்கள். தலைசுற்றினாலோ, குழந்தை பயந்து அலறினாலோ, இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டுங்கள். இருட்டிலும் தெரியும் கேமராக்கள் வழியாகக் கன்ட்ரோல் ரூமில் ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். ஜோடியாக வருகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. செல்போன் விழுந்துவிட்டால் தயவுசெய்து குனிந்து தேடாதீர்கள். இறங்கியதும் ஆபரேட்டரிடம் எந்தக் காட்சியருகே விழுந்தது என்று சொல்லி, தொடர்பு எண்ணைக் கொடுத்துவிட்டுப் போங்கள். பூங்கா மூடிய பிறகு விளக்கைப் போட்டுத் தடத்தில் நடக்கும்போது எடுத்து வைப்பார்கள்.