டிக் அடித்த கையும் கையெழுத்துப் போட்ட கையும்

போன வருடம் ஒரு மத்தியானம், பட்ட மேற்படிப்பு மாணவி ஒருவர் ஐசியு வாசலில் என்னைப் பிடித்தார். கையில் நாலு பக்கத் தாள். "சார், தீசிஸுக்கு. பத்து நிமிஷம்தான் ஆகும்." தருமபுரியில் இருபது வருடமாக மயக்க மருந்து டாக்டராக இருக்கிறேன். சாவுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள் என்று யாரோ கைகாட்டி விட்டிருக்கிறார்கள். தலைப்பு, கருணைக்கொலை பற்றி மருத்துவர்களின் மனப்பான்மை.

முதல் கேள்வி: "கருணைக்கொலையை நமது நாட்டில் அனுமதிக்க வேண்டும்." பக்கத்தில் ஐந்து கட்டங்கள், முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன் என்பதில் தொடங்கி முற்றிலும் மறுக்கிறேன் வரை. நான் யோசிக்கவே இல்லை. கடைசிக் கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

அன்று ராத்திரி பென்னாகரம் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கு வென்டிலேட்டரில் மூன்றாவது நாள். மூளைக்குள் பெரிய ரத்தக்கசிவு. இனி மீள மாட்டார் என்பது எனக்கும் தெரியும், நர்ஸுக்கும் தெரியும், இரண்டு மகன்களுக்கும் தெரியும். மூத்தவர் வந்து, "இட்டுக்கினு போயிடறோம் சார். அப்பன் உசுரு ஊட்லதான் போவணும்" என்றார். கேஸ் ஷீட்டில் வழக்கமான வரியை எழுதினேன்: மருத்துவ ஆலோசனைக்கு எதிராக, சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறார்கள். மகன் கையெழுத்துப் போட்டார், கீழே நானும் போட்டேன். இளையவருக்கு ஆம்பு பையை, கையால் மூச்சு கொடுக்கும் அந்தப் பையை, எப்படி அமுக்குவது என்று சொல்லிக் கொடுத்தேன். வீட்டுக்குப் போனதும் அந்தப் பையை ஒரு கட்டத்தில் நிறுத்துவார்கள், வாயில் பால் ஊற்றுவார்கள். இதெல்லாம் தெரிந்துதான் அனுப்பினேன்.

"ஆலோசனைக்கு எதிராக" என்று எழுதினேனே, அந்தப் பெரியவரை வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் ஆலோசனை சொன்னேனா? இல்லை. அந்த வரி அப்பட்டமான பொய். தமிழ்நாட்டு ஐசியுக்கள் பலவற்றில் தினமும் எழுதப்படுகிற பொய்.

அப்புறம்தான் மத்தியானம் அடித்த டிக் நினைவுக்கு வந்தது. அந்தத் தாளில் நான் உயிர்காக்கும் சிகிச்சையைக் கைவிடுவதை முற்றிலும் எதிர்க்கும் டாக்டர். கேஸ் ஷீட்டில் வாரம் ஒருமுறையாவது அதற்கு வழிவிடும் டாக்டர். மாணவியின் கணக்கில் முதல் ஆள் மட்டும்தான் ஏறியிருக்கிறான்.

தப்பு அந்தப் பெண் மேல் இல்லை. பாதித் தப்பு அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. யூத்தனேசியா என்ற ஆங்கிலச் சொல்லின் கிரேக்க வேருக்கு நல்ல சாவு என்று பொருள். தமிழில் நாம் அதைக் கருணைக்கொலை ஆக்கிவிட்டோம். கொலை என்று முடிகிற சொல்லுக்கு நேரே எந்த டாக்டர் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று டிக் அடிப்பார்? அதே கேள்வியைக் 'கருணை மரணம்' என்று மாற்றிக் கேட்டால் சில பேனாக்கள் ஒரு கட்டம் நகரும். 'குணமாகும் வாய்ப்பில்லாதவருக்குச் செயற்கைச் சுவாசத்தைத் தொடராமல் இருப்பது' என்று கேட்டால் இன்னும் நகரும். டாக்டரின் மனசு அதே இடத்தில்தான் இருக்கிறது.

இன்னொரு குழப்பம், ஒரே சொல்லுக்குள் நாலைந்து வேறு காரியங்களைப் போட்டு அடைத்து வைத்திருக்கிறோம். ஊசி போட்டு உயிரை முடிப்பது ஒன்று. நோயாளியே குடிக்க மருந்து எழுதிக் கொடுப்பது இன்னொன்று. வென்டிலேட்டரைத் தொடங்காமல் இருப்பது, தொடங்கியதை எடுப்பது, வலிக்குத் தேவையான அளவு மார்ஃபின் கொடுப்பது, இவையெல்லாம் வேறு வேறு. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 2002 முதல் முதலாவதற்குச் சட்டம் உண்டு. அமெரிக்காவின் ஆரிகனில் 1997 முதல் நடப்பது இரண்டாவது. இந்தியாவில் இந்த இரண்டும் குற்றம். சிகிச்சையை விலக்கிக்கொள்வதற்கு மட்டும் வழி இருக்கிறது. மூளைச்சாவு இந்தப் பட்டியலிலேயே சேராது, 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி அது மரணமே. ஆனால் 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளைப் பாருங்கள். கருணைக்கொலை ஒழுக்கக்கேடு என்று சொல்லும் அதே பிரிவில், மூளைச்சாவுக்குப் பிறகு கருவிகளை எடுப்பதை ஒரு டாக்டர் தனியாக முடிவு செய்யக் கூடாது என்றும் வருகிறது. படிக்கிற டாக்டருக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2018இல் சொற்களுக்கு விளக்கம் வெளியிட்டபோது, சிகிச்சையை விலக்குவதை 'செயலற்ற கருணைக்கொலை' என்று அழைக்க வேண்டாம் என்றது. கேள்வித்தாள் எழுதுகிறவர்கள் அதைப் படிப்பதில்லை.

சட்டம் தெரியாததும் மனப்பான்மை மாதிரியே வேஷம் போடும். அருணா ஷான்பாக் வழக்கை எல்லா டாக்டரும் சொல்வார்கள். மும்பை கே.இ.எம். மருத்துவமனை நர்ஸ், 1973இல் தாக்கப்பட்டு, 2015 மே மாதம் நிமோனியாவில் இறக்கும் வரை படுக்கையில் இருந்தவர். அவருக்காகத் தொடுத்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2011இல் முதன்முதலாகக் கதவைக் கொஞ்சம் திறந்தது. அதோடு பலருடைய ஞாபகம் நின்றுவிடுகிறது. 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றும், மீள முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உயிர்விருப்ப ஆவணம் செல்லும் என்றும் தீர்ப்பளித்தது. ஆனால் நடைமுறை ஏகச் சிக்கல், நோயாளி அதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவார். 2023 ஜனவரியில் அதை எளிதாக்கினார்கள். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். மருத்துவமனை அளவில் ஒரு குழு, சிகிச்சை தரும் டாக்டரும் ஐந்து வருட அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும். அவர்கள் சொன்னதைச் சரிபார்க்க இரண்டாவது குழு, அதில் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒருவர். கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்து சொல்ல வேண்டும். முடிவைச் செயல்படுத்தும் முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல். ஆவணம் எழுதிவைக்காதவருக்கும் குடும்பத்தின் சம்மதத்தோடு இதே வழிதான்.

ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளி போனால் கர்நாடகம். 2025 ஜனவரி கடைசியில் அந்த அரசு இந்தத் தீர்ப்பை நடைமுறைப்படுத்தச் சுற்றறிக்கை விட்டது. கிருஷ்ணகிரி நோயாளிகள் பலர் பெங்களூருக்குத்தான் போகிறார்கள். அங்கே ஒரு டாக்டர் அரசு உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறார், இங்கே ஒருவர் போலீஸ் வருமோ என்று பயந்துகொண்டு எழுதுகிறார். இரண்டு பேரின் மதிப்பெண்ணும் வித்தியாசப்பட்டால் அதற்கு மதம், வயது, ஆணா பெண்ணா என்று காரணம் தேடிக்கொண்டிருப்போம்.

இப்படிக் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கொடுத்து அளக்கும் முறை அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லைக்கர்ட் 1932இல் தந்தது. நல்ல முறைதான். ஆனால் நடுக்கட்டம் இருக்கிறதே, 'கருத்து இல்லை', அது பெரிய குப்பைக்கூடை. யோசித்து முடிவுக்கு வர முடியாதவர், கேள்வி புரியாதவர், துறைத்தலைவர் எட்டிப் பார்க்கிறாரே என்று பயந்தவர், ஓபிக்கு நேரமாச்சு என்று வரிசையாக ஒரே கோடாக டிக் இழுத்தவர், எல்லாருக்கும் மூன்று மதிப்பெண். கடைசியில் கூட்டிச் சராசரி எடுத்தால் நம் மருத்துவர்கள் நடுநிலை வகிக்கிறார்கள் என்று முடிவு வரும்.

மாணவி பெருமையாக, ஆல்ஃபா மதிப்பு நன்றாக வந்திருக்கிறது சார் என்றார். க்ரான்பாக் சொன்ன அந்த எண் கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான் காட்டும். கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் ஒரு தராசு ஒவ்வொரு கூடைக்கும் சரியாக அரைக்கிலோ குறைத்தே காட்டினால், அதுவும் மாறாத தராசுதான். விவசாயிக்கு நஷ்டமும் மாறாது.

சரி, எப்படித்தான் கேட்பது? நெதர்லாந்தில் 1990இல் ஒரு அரசுக் குழு, ரெம்மலிங்க் என்ற அரசு வழக்கறிஞர் தலைமையில், டாக்டர்களிடம் ஆய்வு நடத்தியது. பதில் சொன்னதற்காக வழக்கு வராது என்று முதலில் உறுதி கொடுத்தார்கள். பிறகு அந்தச் சொல்லையே ஓரமாக வைத்துவிட்டு, கடைசியாகப் பார்த்த மரணத்தில் எந்த மருந்தைக் கொடுத்தீர்கள், எதை நிறுத்தினீர்கள், அப்போது என்ன நோக்கம் இருந்தது, நோயாளி கேட்டாரா என்று விசாரித்தார்கள். நோயாளி வெளிப்படையாகக் கேட்காமலே உயிரை முடித்த சம்பவங்கள் வருடத்துக்குச் சுமார் 1,000 என்று வெளியே வந்தது. நாடே அதிர்ந்தது. ஒப்புக்கொள்கிறீர்களா என்று மட்டும் கேட்டிருந்தால் அந்த எண் வந்திருக்காது.

மாணவியிடம் இதைத்தான் சொன்னேன். மனப்பான்மையைக் கேட்காதே அம்மா, போன வாரம் என்ன செய்தார் என்று கேள். ஒரு நோயாளியின் கதையைச் சொல், பிறகு ஒரே ஒரு விஷயத்தை மாற்றிக் கேள். அறுபது வயதை முப்பதாக்கு. மகன் கேட்கிறான் என்பதை நோயாளியே கேட்கிறார் என்று மாற்று. மெஷினை எடுப்பதற்குப் பதில் மெஷினே போடாமல் இருப்பது என்று மாற்று. நெறிமுறைப்படி இந்தக் கடைசி இரண்டும் ஒன்றே என்று பாடம் சொல்கிறது. ஆனால் போட்டதை எடுக்க என் கை நடுங்கும், போடாமல் இருக்க நடுங்காது. அந்த நடுக்கத்தை அளந்தால் அதுதான் ஆய்வு.

பணத்தையும் கேள் என்றேன். அவர் முழித்தார். மேலைநாட்டுக் கேள்வித்தாள்களில் பெரும்பாலும் அந்த வரி இருக்காது. பாலக்கோட்டுக்காரர் ஒருவர் இரண்டு மாட்டையும் விற்றுத் தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கட்டிவிட்டு, "போதும் சார்" என்கிறார். அது நோயாளியின் விருப்பமா, குடும்பத்தின் முடிவா, பில்லின் முடிவா? அதற்குச் சரி என்று தலையாட்டுகிற டாக்டரை எந்தக் கட்டத்தில் போடுவது?

வலியையும் சேர்க்க வேண்டும். சாக விடுங்கள் என்று என்னிடம் கேட்ட புற்றுநோயாளிகளில் அநேகம் பேருக்கு வலி அடங்கியதும் பேச்சே மாறிவிட்டது. பேத்தி காதுகுத்துக்கு இருப்பேனா என்று கேட்பார்கள். ஆனால் 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் ஒரு தலைமுறை டாக்டர்களே மார்ஃபினை எழுதிப் பழகாமல் போய்விட்டார்கள். 2014இல் சட்டத்தைத் தளர்த்தியும் கை தளரவில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியது எங்கள் பக்கம்தான், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். வீடு தேடி வரும் வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையும் அதில் உண்டு. வலியைத் தணிக்க வழி தெரிந்த டாக்டரும் தெரியாத டாக்டரும் ஒரே கேள்விக்குப் பதில் சொன்னால் அது ஒரே பதில் ஆகாது.

உங்கள் வீட்டில் யாராவது இப்படிப் படுத்திருந்தால், டாக்டரிடம் கருணைக்கொலை என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் கதவைச் சாத்திவிடுவார், சாத்தத்தான் வேண்டும். இந்த மெஷின் குணமாக்குகிறதா, நாளைத் தள்ளுகிறதா, நிறுத்தினால் மூச்சுத் திணறாமல் இருக்க என்ன கொடுப்பீர்கள் என்று கேளுங்கள். இதற்குக் குழு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இரண்டு மாதம் கழித்து மாணவி புதுத் தாளோடு வந்தார். கொலை என்ற சொல் எங்கேயும் இல்லை. பேர் எழுதவும் இடமில்லை, ஒட்டிய உறையில் போட்டுப் பெட்டியில் சேர்க்கச் சொல்லியிருந்தார். ஏழாவது கேள்வி இப்படி இருந்தது: "சொந்தப் பொறுப்பில் வீட்டுக்கு அனுப்பிய கடைசி நோயாளிக்கு, வழியில் மூச்சுத்திணறல் தெரியாமலிருக்க மருந்து கொடுத்து அனுப்பினீர்களா?"

பென்னாகரம் சாலையும் அந்த இளைய மகன் ஆம்பு பையைப் பிடித்திருந்த விதமும் கண்ணில் வந்து போயின. 'இல்லை' என்பதில் டிக் அடித்தேன். அதற்குக் கீழே 'ஏன்?' என்று ஒரு கோடு விட்டிருந்தார். தாள் இன்னும் என் மேசை டிராயரில்தான் கிடக்கிறது. உறை எல்லாம் சேர்ந்துவிட்டதா என்று அவர் இரண்டு தடவை போன் பண்ணிக் கேட்டுவிட்டார்.