செப்டிக் டேங்க் அடைத்தால் எவரையும் உள்ளே இறக்காதீர்கள்: சட்டமும் அலுவலக அலைச்சலும்

கையால் மலம் அள்ளும் பணியைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, உரிய பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய எவரையும் அமர்த்தக் கூடாது என்கிறது. இது நகராட்சிக்கும் ஒப்பந்ததாரருக்கும் மட்டும் உரிய தடை என்று பல வீட்டு உரிமையாளர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அமர்த்துபவர் எவராயினும் குற்றமே; முதல் முறைக்கே 2 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். வழக்கமாக வருபவர்தான், அவராகவே இறங்கினார் என்ற பதில்கள் உங்களைக் காப்பாற்றாது.

கசடு உறிஞ்சும் லாரியை அழைப்பதற்கு முன் அடைப்பு எங்கே என்று பாருங்கள். கழிப்பறையில் நீர் தேங்கி நிற்க, டேங்கிற்கு முன்னுள்ள சேம்பர் (குழாயைத் திறந்து பார்ப்பதற்கான சிறு தொட்டி) காய்ந்திருந்தால், அடைப்பு இரண்டுக்கும் இடைப்பட்ட குழாயில் இருக்கிறது. அதை வெளியிலிருந்தே கம்பி செலுத்தி எடுத்துவிடலாம். சேம்பரும் நிரம்பி நின்றால் அடைப்பு அதற்கு அப்பால் இருக்கிறது. லாரி வந்துபோன சில நாட்களிலேயே மீண்டும் நிரம்பினால், பெரும்பாலும் டேங்கிலிருந்து வெளியேறும் நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழி வேலை செய்யவில்லை அல்லது நிலத்தடி நீர் உள்ளே ஊறுகிறது என்று பொருள். அடுத்த லாரிக்குக் கொடுக்கும் பணம் வீண். மூடியைத் திறந்து காட்டி "நிரம்பிவிட்டது" என்று சொல்பவரை உடனே நம்பிவிடவும் வேண்டாம். நன்றாக இயங்கும் டேங்கிலும் வெளியேறும் குழாயின் மட்டம் வரை நீர் எப்போதும் நிற்கும். பார்க்க வேண்டியது அடியில் படிந்த கசடு எவ்வளவு உயரம் என்பதைத்தான்.

அலைச்சல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நகராட்சியில் கேட்டால் உங்கள் தெரு ஊராட்சி எல்லைக்குள் வருகிறது என்பார்கள். ஊராட்சியில் கேட்டால் தங்களிடம் லாரியே இல்லை என்பார்கள். இரண்டு நாட்கள் இப்படிக் கழிந்தபின், வீட்டில் நாற்றம் தாங்காத நிலையில், யாரோ ஒருவர் "ஆள் இருக்கிறார்" என்று ஒரு கைப்பேசி எண்ணைக் கொடுப்பார். அலுவலகங்கள் கைவிட்ட இந்த மூன்றாம் நாளில்தான் ஏழை ஒருவர் குழிக்குள் இறக்கப்படுகிறார். அந்த எண்ணை அழைக்காமல், செப்டிக் டேங்க் கழிவை அகற்றுவதற்கான 14420 என்ற உதவி எண்ணை அழையுங்கள். தனியார் லாரியானால், உள்ளாட்சி அமைப்பின் உரிமம் இருக்கிறதா, கசட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள் என்று கேட்டு, ரசீது வாங்குங்கள். மேல்நீரை மட்டும் உறிஞ்சிக்கொண்டு அடிக்கசட்டை விட்டுப் போகும் லாரிகளும் உண்டு என்பதால், வேலை முடியும் வரை பக்கத்தில் நில்லுங்கள். டேங்க் மூடியின் மேல் டைல்ஸ் ஒட்டிவிட்டவர்கள், லாரி வரும் நாளுக்குக் காத்திராமல், அதை இப்போதே பெயர்த்து வைக்க வேண்டும்.

அடைப்பு வராமலிருக்க, நாப்கின், ஈரத்தாள், முடி, சமையல் எண்ணெய் ஆகியவற்றை உள்ளே விடாதீர்கள். ஆசிட்டும் ஃபினாயிலும் அளவுக்கு மீறினால் கசட்டைச் செரிக்கும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். 2 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடு எடுத்தால் போதும்.

உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, அளவு கூடும்போது மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும். எனவே நாற்றம் இல்லை என்பதை நம்பி எவரும் இறங்கக் கூடாது. ஒருவர் மயங்கி விழுந்தால் அவரைத் தூக்க இன்னொருவர் இறங்காதீர்கள். 101, 108 எண்களை அழையுங்கள்.

உயிர் போய்விட்டால், 2014இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சமாக வைத்த இழப்பீடு, 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. தீர்ப்பில் இருக்கும் பணம் குடும்பத்தின் கைக்கு எளிதில் வருவதில்லை. காவல் நிலையத்தில் வெறும் சந்தேக மரணம் என்று எழுதிவிட்டால், பிறகு ஆட்சியர் அலுவலகத்தில் "முதல் தகவல் அறிக்கையில் 2013 சட்டமே இல்லையே" என்று திருப்பி அனுப்புவார்கள். ஆகவே அந்தச் சட்டத்தின் 7ஆவது பிரிவையும், தண்டனையைச் சொல்லும் 9ஆவது பிரிவையும் அன்றைக்கே எழுதச் சொல்லி வற்புறுத்துங்கள். தனியார் வீட்டில் நடந்த மரணத்துக்கு அரசு பொறுப்பில்லை என்றும் சொல்வார்கள். மும்பையில் தனியார் குடியிருப்பொன்றில் இறந்தவர்களின் வழக்கில், அரசே முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பொறுப்பானவர்களிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2021இல் உத்தரவிட்டிருக்கிறது. அதை மனுவில் குறிப்பிடுங்கள். வீட்டுக்காரர் கொஞ்சம் பணத்தைக் கையில் வைத்து, முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். வாரிசுச் சான்றுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் உடனே விண்ணப்பித்து, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் நேரில் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பெற்றுக்கொண்டே திரும்புங்கள்.