பிளக்கின் பின் மாறினால் வோல்டேஜ் மாறாது சார்

இந்த மாதமும் ரிப்பேருக்கு ஒன்று வந்துவிட்டது. அமெரிக்காவில் இருக்கும் மகள், பேரனுக்கென்று அனுப்பிய எச்ஓ அளவு மாடல் ரயில் செட். முட்டை வடிவத் தண்டவாளம், இரண்டு டீசல் இன்ஜின், கூடவே ஒரு பவர்பேக், அதாவது சுவர் மின்சாரத்தைக் குறைத்துத் தண்டவாளத்துக்குத் தரும் பெட்டி. பெரியவர் மேஜையில் வைத்ததுமே வாடை விஷயத்தைச் சொல்லிவிட்டது. கழற்றினால் சுவர் மின்சாரம் நுழையும் பிரைமரி காயில் கருகி, வார்னிஷ் உருகி அடித்தட்டில் வழிந்திருக்கிறது. "அடாப்டர் போட்டுத்தான் சார் சொருகினேன்" என்றார். எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள்.

அந்த அடாப்டரைப் பற்றி இன்று ஒரேயடியாகப் பேசிவிடலாம்.

டிராவல் அடாப்டர் என்று கடையில் தருவது நாலு பித்தளைத் தகடு, ஒரு பிளாஸ்டிக் கூடு. அவ்வளவுதான். தட்டைப் பின்னை வாங்கிக்கொண்டு உருண்டைப் பின்னாகத் தரும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் அப்படியே 230 ஆகத்தான் மறுபக்கம் போகும். "அதன் முதுகில் 110–250 வோல்ட் என்று போட்டிருக்கிறதே?" போட்டிருக்கும். 'இதுவரை நான் தாங்குவேன்' என்று அதற்கு அர்த்தம். 'குறைத்துத் தருவேன்' என்றல்ல. பக்கத்தில் இருக்கும் 10 ஆம்பியரும் அப்படித்தான். வோல்டேஜைக் குறைக்க இரும்புக் கோரும் செம்புச் சுருளும் உள்ள ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். அது கையில் எடுத்தால் கனக்கும். லேசாக 'கன்வெர்ட்டர்' என்று ஒன்று விற்கிறார்களே, அது ஹேர் டிரையர் மாதிரி வெறும் சூடேறும் சாமான்களுக்கு. அலையை வெட்டி வெட்டித் தரும், பவர்பேக்குக்கு ஆகாது.

"என் போன் சார்ஜர் இதே அடாப்டரில் நன்றாக ஓடுகிறதே?" அடுத்த கேள்வி எப்போதும் இதுதான். ஓடும், ஏனென்றால் அந்தச் சார்ஜரின் அடியில் பொடி எழுத்தில் 'இன்புட் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்றிருக்கும். வேலை செய்வது சார்ஜர், பெயர் வாங்குவது அடாப்டர். ரயில் பவர்பேக்கைக் கவிழ்த்துப் பாருங்கள். '120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்' என்று ஒற்றை எண்தான் இருக்கிறதா? நம் சுவரில் சொருகாதீர்கள். ஜப்பானில் வாங்கியதென்றால் 100 வோல்ட். இன்னும் சீக்கிரம் கருகும். இங்கிலாந்து, ஜெர்மனி சாமான்கள் பெரும்பாலும் தப்பிக்கும், அங்கேயும் 230தான்.

பவர்பேக் மட்டும் போனால் பரவாயில்லை. அது சாவதற்குள் தண்டவாளத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வோல்டேஜை அனுப்பிவிடுகிறது. இன்ஜின் விளக்கு போகும், உள்ளே டிகோடர் (டிஜிட்டல் கட்டளையைப் படித்து இன்ஜினை ஓட்டும் சின்ன போர்டு) இருந்தால் அதுவும் போகும். டிகோடர் விலை என்ன என்று கேட்டுவிட்டு அப்படியே எழுந்து போனவர்கள் உண்டு.

ஸ்டெப்-டவுன் வாங்குகிறவர்கள் பவர்பேக்கின் வாட்டைப் போல இரண்டு மடங்கு விஏ (வோல்ட்-ஆம்பியர்) பார்த்து வாங்குங்கள். அப்போதும் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த கோர் நம் 50-ல் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். விளையாடி முடித்ததும் பிடுங்கிவிடுங்கள். சாதாரண டிசி செட் என்றால் அந்தப் பவர்பேக்கே வேண்டாம் என்பேன். சுவர் மின்சாரத்தை 12 வோல்ட் டிசியாகக் குறைத்துத் தரும் நல்ல அடாப்டர் ஒன்று (டிராவல் அடாப்டர் அல்ல), மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்ன போர்டு ஒன்று, முன் பின் மாற்ற ஒரு சுவிட்ச். இங்கேயே கிடைக்கும். ஆனால் வீட்டில் சும்மா கிடக்கும் லேப்டாப் சார்ஜரைக் கத்தரித்துத் தண்டவாளத்தில் நேராக முறுக்காதீர்கள். அது 19 வோல்ட். சிரிக்காதீர்கள், செய்கிறார்கள்.

இனிச் சொல்லப்போவது சாமான் சேதமல்ல, உயிர் விஷயம். மார்க்லின், லயனல் போன்ற ஏசி ரயில்களை வைத்திருப்பவர்கள், பவர் போதவில்லை என்று இரண்டு டிரான்ஸ்பார்மரை ஒரே தண்டவாளத்தில் சேர்த்து வைக்கிறார்கள். இரண்டும் சுவரில் இருக்கும்வரை ஓடும். ஒன்றை மட்டும் பிடுங்கினால்? மற்றது தண்டவாளத்துக்குத் தரும் 16 வோல்ட், பிடுங்கிய டிரான்ஸ்பார்மருக்குள் பின்வாசல் வழியாக நுழையும். டிரான்ஸ்பார்மருக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. குறைக்கிற அதே சுருள் இப்போது ஏற்றும். பிடுங்கி விரலில் பிடித்திருக்கிற பிளக்கின் பின்னில் வீட்டு மின்சாரம் நிற்கும். பிடுங்குகிற கை பெரும்பாலும் குழந்தையின் கை. தயவுசெய்து சேர்க்காதீர்கள். பெரிய லேஅவுட்டா, அதாவது மேஜை முழுக்க ரயில் பாதையா? தனித்தனிப் பகுதியாகப் பிரித்து, எல்லாவற்றையும் சுவிட்ச் உள்ள ஒரே பலகையில் சொருகுங்கள். அணைத்தால் எல்லாம் சேர்ந்து அணைய வேண்டும்.

தாத்தா காலத்து நீல நிற மார்க்லின் டிரான்ஸ்பார்மரை எடுத்து வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது 220 வோல்ட்டுக்குச் செய்தது. இன்ஜினின் திசை மாற்ற அது கொடுக்கும் 24 வோல்ட் உதை, இன்றைய சுவர் மின்சாரத்தில் இன்னும் ஏறிவிடும். அந்தக் காலத்து இன்ஜினில் திசை மாற்றும் ரிலே தாங்கியது, இன்றைய எலக்ட்ரானிக் இன்ஜின் தாங்காது. வயரின் உறை வெடித்திருந்தால் அலமாரியில் அழகுக்கு வையுங்கள்.

சில்லறை விஷயங்கள். தண்டவாளத்தைப் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் தேய்க்காதீர்கள். அந்தத் துகளை மோட்டார் காந்தம் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணி போதும், அதுவும் கரன்ட்டை அணைத்துவிட்டு. பல்சக்கரத்துக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம். தெர்மகோல் மலைக்குப் பக்கத்தில் சூடான சால்டரிங் அயர்னை வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். ஈயம் தொட்ட கையைக் கழுவிவிட்டுத்தான் பேரனுக்கு பிஸ்கட் கொடுக்க வேண்டும்.

டிஜிட்டல், அதாவது தண்டவாளம் வழியாகவே ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனித்தனியாகக் கட்டளை அனுப்பும் டிசிசி லேஅவுட் கட்டுகிறவர்கள் விவரமானவர்கள். அவர்கள் தடுக்கி விழுவது வேறு இடத்தில்: "15 வோல்ட்தானே, என்ன ஆகிவிடும்?" வோல்ட் குறைவுதான், ஆனால் பின்னால், தண்டவாளத்துக்கு மின்சாரம் தள்ளும் 5 ஆம்பியர் பூஸ்டர் இருக்கிறது. பாதை பிரியும் பாயின்ட்டில் தடம்புரண்ட ஒரு சக்கரம் இரண்டு தண்டவாளத்தையும் சேர்த்தால் பூஸ்டரின் பிரேக்கர் உடனே விழ வேண்டும். மெல்லிய வயர், தண்டவாளத் துண்டுகளை இணைக்கும், கடல் காற்றில் களிம்பேறிய ஜாயினர் என்று வழியெல்லாம் தடை இருந்தால் 4 ஆம்பியர்தான் ஓடும். நாலைந்து இன்ஜின் ஓடுகிறது போலிருக்கிறது என்று பூஸ்டர் பேசாமல் இருந்துவிடும். 15 வோல்ட், 4 ஆம்பியர், 60 வாட். அதில் பாதி அந்தச் சக்கரத்தருகே சூடாக இறங்கினாலும், 25 வாட் சால்டரிங் அயர்னை போகியின், அதாவது சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தின் பிளாஸ்டிக்கில் வைத்து அழுத்தியதற்குச் சமம். உருகி வளைந்த போகிகளை நான் மாற்றிக்கொண்டேதான் இருக்கிறேன்.

இதைத் தவிர்க்க, மேஜைக்கு அடியில் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் ஒரு ஜோடி நெடுக ஓட வேண்டும். மூன்றடிக்கு ஒரு முறை அதிலிருந்து மேலே தண்டவாளத்துக்கு ஃபீடர் என்ற கிளை வயர் பற்றவைக்க வேண்டும். ஜாயினரை நம்பக் கூடாது. பிறகு, புல் ஒட்டி மரம் நடுவதற்கு முன்னால், ஒரு நாணயத்தை எடுத்துக்கொண்டு லேஅவுட் முழுக்க நடங்கள். அடிக்கொரு முறை இரண்டு தண்டவாளத்தின் மேலும் படும்படி வையுங்கள். பூஸ்டர் உடனே விழுந்தால் அந்த இடம் சரி. விழாமல் நாணயம் சூடானால், அங்கே இன்னொரு ஃபீடர் போட்டு மறுபடி வைத்துப் பார்க்காமல் இன்ஜினை ஏற்றாதீர்கள்.