ஹலோ, நான் பேசறது கேக்குதா?

ஒரு ரூட்டர் உலகத்தின் எந்த மூலைக்கும் வழி சொல்லிவிடும். ஆனால் அதற்குத் தானாகத் தெரிந்தது மிகக் கொஞ்சம்தான். ஒரே கேபிளில், அல்லது ஒரே வைஃபையில், நடுவில் வேறு ரூட்டர் இல்லாமல் பேசக்கூடிய அண்டை ரூட்டர்களை மட்டுமே அது நேரில் அறியும். மற்றதெல்லாம் அந்த அண்டை வீட்டார் சொல்லக் கேட்டவை. பக்கத்தில் யார் இருக்கிறார், இன்னும் இருக்கிறாரா என்ற கணக்கு பிசகினால், அதை நம்பிப் போட்ட வழிகள் எல்லாம் பிசகும்.

கேபிள் செருகிய இடத்தில் பச்சை விளக்கு எரிகிறதே, அது போதாதா? போதாது. இரண்டு ரூட்டர்களுக்கு நடுவே ஒரு சுவிட்ச் (பல கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி) இருந்தால், நம் விளக்கு சொல்வது சுவிட்ச் உயிரோடு இருக்கிறது என்பதை மட்டும்தான். அந்தப் பக்கத்து ரூட்டர் மின்சாரம் போய் அணைந்திருக்கலாம். நம் பக்கம் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். வைஃபையிலோ பார்ப்பதற்கு விளக்குகூட இல்லை.

அதனால் ரூட்டர்கள் குரல் கொடுத்துப் பார்க்கின்றன. அந்தக் குரலுக்குப் பெயரே ஹலோதான். ரூட்டர்கள் தங்களுக்குள் வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறைகளில் ஒன்றான, பெரிய நிறுவன நெட்வொர்க்குகளில் பரவலாக ஓடும் ஓஎஸ்பிஎஃப்பை எடுத்துக்கொள்வோம். ஜான் மாய் எழுதி 1998-ல் வெளியான அதன் இரண்டாம் பதிப்பின் வரையறைதான் இன்றும் அடிப்படை. சாதாரண ஈதர்நெட்டில் 10 வினாடிக்கு ஒரு ஹலோ அனுப்புவார்கள். 40 வினாடி எதுவும் வராவிட்டால் அண்டை ரூட்டர் இறந்ததாகக் கணக்கு. ஒரு ரூட்டரிலிருந்து அடுத்த ரூட்டருக்குப் போவது ஒரு தாவல். அந்த ஹலோ ஒரு தாவலுக்கு மேல் போகாதபடி, அதன் ஆயுள் எண் 1 என்றே வைக்கப்படும். அதைத் தாண்டிக் கேட்பவர் அண்டை வீட்டார் இல்லையே.

சரி, ஹலோ கேட்டுவிட்டது. உடனே அவர் வழியாகப் பாக்கெட்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளை, அனுப்பலாமா? கூடாது. இதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. சிக்னல் சரியில்லாத இடத்திலிருந்து போன் பேசும்போது நாம் என்ன கேட்கிறோம்? "நீங்க பேசறது நல்லா கேக்குது, நான் பேசறது கேக்குதா?" அவர் குரல் நமக்கு வருவதை வைத்து, நம் குரல் அவருக்குப் போகிறது என்று முடிவு செய்ய முடியாது. அதை அவர்தான் சொல்ல வேண்டும். ஓஎஸ்பிஎஃப் ஹலோவுக்குள் 'நான் யார் யாரையெல்லாம் கேட்டேன்' என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் தன் அடையாள எண்ணைக் கண்ட பிறகுதான் ஒரு ரூட்டர் அந்த உறவை இருவழி உறவாக எடுத்துக்கொள்ளும்.

இதே எண்ணத்தை இன்னும் நுட்பமாகச் செய்வது பேபல் என்ற நெறிமுறை. பாரிஸில் பணியாற்றிய கணினி அறிவியலாளர் ஜூலியுஸ் ஹ்ரோபோசெக் உருவாக்கியது; 2011-ல் சோதனை நிலையில் வெளியாகி, 2021-ல் இணையத்தின் தர நெறிமுறைகளுக்கான வரிசைக்குள் வந்தது. பேர்ட், எஃப்ஆர்ஆர் போன்ற திறந்தமூல ரூட்டிங் மென்பொருள்களில் இருக்கிறது. வீட்டுக்கூரைக்கு வீட்டுக்கூரை வைஃபையில் பேசும் நெட்வொர்க்குகளையும் மனதில் வைத்துச் செய்யப்பட்டது என்பதால், 'இருக்கிறார், இல்லை' என்ற இரண்டு பதிலோடு அது நின்றுவிடுவதில்லை. எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதையும் அளக்கிறது.

அதற்காகப் பேபல் ஒவ்வொரு அண்டை ரூட்டருக்கும் அட்டவணையில் ஒரு வரி ஒதுக்குகிறது. அந்த வரியில் எனக்கு மிகவும் பிடித்தது, வருகைப் பதிவேடு போன்ற 16 பிட். எதிர்பார்த்த ஹலோ வந்தால் ஒரு 1, வராவிட்டால் ஒரு 0, பழையது ஒவ்வொன்றாக மறுமுனையில் விழுந்துவிடும். ஒவ்வொரு ஹலோவுக்கும் வரிசை எண் உண்டு. 7-ஐ எதிர்பார்க்கும்போது 10 வந்தால், நடுவில் மூன்று தவறிவிட்டன என்று அந்த நிமிடமே தெரிந்துவிடும். அடுத்த ஹலோ எவ்வளவு நேரத்தில் வரும் என்பதையும் ஹலோவே சொல்லிவிடுகிறது. ஓஎஸ்பிஎஃப்பில் இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி வைக்காவிட்டால் உறவே அமையாது. பேபலில் அந்தக் கண்டிப்பு இல்லை. அவரவர் வேகத்தில் அனுப்பலாம்.

பரிந்துரைக்கப்பட்ட இடைவெளி 4 வினாடி. தாமதத்துக்கு இடம் கொடுத்து 6 வினாடி பார்த்துவிட்டு முதல் 0 விழும். இன்னும் 4 வினாடி கழித்து இரண்டாவது. கேபிள் இணைப்புக்குக் கடைசி மூன்று ஹலோக்களில் குறைந்தது இரண்டு வந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே கடைசி ஹலோ வந்து சுமார் 10 வினாடியில் அந்த அண்டை ரூட்டரைக் கைவிட்டுவிடுவார்கள். (அதுவும் தாமதம் என்பவர்களுக்கு பிஎஃப்டி என்று தனி நெறிமுறை இருக்கிறது. அதை 50 மில்லிவினாடிக்கு ஒரு தடவை நாடி பார்க்கும்படிக்கூட அமைப்பார்கள்.)

பேபலில் 'நீ பேசுவது கேட்டது' என்பதும் தனிச் செய்தி. அதன் பெயர் ஐஎச்யூ. ஆங்கிலத்தில் 'I heard you', அதாவது உன்னைக் கேட்டேன் என்பதன் சுருக்கம்தான் அது. கேட்டது என்பதோடு, எவ்வளவு கேட்டது என்ற எண்ணும் அதில் இருக்கும். வழிகளை ஒப்பிடப் பேபல் ஒவ்வொரு இணைப்புக்கும் செலவு என்று ஓர் எண் போடும்; குறைவாக இருந்தால் நல்ல வழி. வைஃபையில் ஒரு குறையும் இல்லாத இணைப்பின் செலவு 256. நான் அனுப்பும் ஹலோக்களில் சராசரியாக நான்கில் மூன்றுதான் அவருக்குப் போகிறது என்றால், 256-ஐ 0.75-ஆல் வகுத்து, 341 என்று எனக்குச் சொல்வார். அவருடையது எனக்கு இரண்டில் ஒன்றுதான் வருகிறது என்று வைப்போம். 0.75-ஐயும் 0.5-ஐயும் பெருக்கி, வரும் 0.375-ஆல் 256-ஐ வகுத்தால் செலவு சுமார் 683. ஏன் பெருக்க வேண்டும்? தரவு போக வேண்டும், கிடைத்தது என்ற ஒப்புகை திரும்பி வரவும் வேண்டும். இரண்டில் எது தவறினாலும் வைஃபை மறுபடி அனுப்பும். இந்த அளவுகோல் எம்ஐடியில் 2003-ல் வெளிவந்த ஆய்விலிருந்து வந்தது.

இதே நேரம், இடையில் இன்னொரு வீட்டு ரூட்டர் வழியாக இரண்டு சுத்தமான தாவல்கள் இருந்தால் செலவு 512. பேபல் அந்தச் சுற்றுவழியையே எடுக்கும். எண்ணிக்கையில் ஒரு தாவல் அதிகம், ஆனால் பாக்கெட் சீக்கிரம் போய்ச் சேரும்.

ஹலோக்களைப் பலருக்கும் பொதுவாக அனுப்புவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒருவருக்கென்று அனுப்பும் பாக்கெட் தொலைந்தால், வைஃபை சத்தமில்லாமல் திரும்பத் திரும்ப அனுப்பி இழப்பை மறைத்துவிடும். பொதுவாக அனுப்புவதற்கு அந்தச் சலுகை இல்லை. போனால் போனதுதான். அதனால்தான் அலையின் உண்மை நிலை ஹலோக்களில் அப்படியே தெரிகிறது.

அப்புறம், பக்கத்து ரூட்டர் ஒருமுறை அணைந்து மறுபடி எழுந்தால்? வரிசை எண் எதிர்பார்த்ததிலிருந்து 16-க்கு மேல் தள்ளி இருந்தால், இது தொடர்ச்சி இல்லை, ஆள் புதிதாக எழுந்து வந்திருக்கிறார் என்று பேபல் எடுத்துக்கொள்கிறது. பழைய வரியை முழுதாக அழித்துவிட்டுப் புது வரி போடும். பதிவேட்டில் ஒரே ஒரு 1 இருக்கும். அவரிடமிருந்து ஐஎச்யூ வரும்வரை அவர் வழியாக அனுப்பும் செலவு 65535. பேபலின் கணக்கில் அந்த எண்ணுக்குப் பொருள் முடிவிலி.