கண்ணில் ஏறிய தூண்டில் முள்ளைப் பிடுங்காதீர்கள்

எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பெண்கள் சிலர் சேர்ந்து மகளிர் தூண்டில் குழு ஒன்றைத் தொடங்கியிருப்பதும், பக்கத்து நகரில் நடைபெறவிருக்கும் ஃபிளை ஃபிஷிங் (முள்ளில் இறகு கட்டிச் செய்த ‘ஃபிளை’ என்னும் போலி இரையை வீசி மீன் பிடிப்பது) கண்காட்சியில் அவர்களுக்கென ஒரு கூடாரம் ஒதுக்கப்பட்டிருப்பதும் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தரும் செய்திகள். வாரம் முழுவதும் செம்பனைத் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையிலும் உழைக்கும் பெண்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்களுக்கென்று ஒரு கோலை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவதை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால், அவர்கள் திடலில் பயிற்சி எடுக்கத் தொடங்கிய பிறகு என் கிளினிக்குக்குத் தூண்டில் முள் காயத்தோடு வருபவர்கள் கூடியிருக்கிறார்கள் என்பதையும், அண்மையில் வந்த ஒருவரின் கண்ணைப் பார்த்த பிறகு இனியும் வாய்மூடி இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவர் தூண்டில் வீசியவர்கூட அல்லர். அண்ணி பயிற்சி எடுப்பதைப் பின்னால் நின்று கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்த நாத்தனார். பின்னோக்கி வந்த தூண்டில் நரம்பின் நுனியிலிருந்த முள் அவருடைய கண்ணில் ஏறியது. வீட்டிலிருந்தவர்கள் அதைப் பிடுங்கியிருக்கிறார்கள். பிறகு விளக்கெண்ணெய் விட்டு, கைக்குட்டையை மடித்து இறுக்கிக் கட்டி, தூங்க வைத்திருக்கிறார்கள். மறுநாள் மாலையில்தான் என்னிடம் அழைத்து வந்தார்கள். "சின்ன முள்தான் டாக்டர், எடுத்துவிட்டோம், பார்வைதான் கொஞ்சம் மங்கலாக இருக்கிறதாம்" என்றார் கணவர். கட்டை அவிழ்த்தபோது, இமை மயிரில் அந்த ஃபிளையைக் கட்டப் பயன்படுத்திய சேவல் இறகின் பழுப்பு இழை ஒன்று எண்ணெயில் ஒட்டிக்கொண்டிருந்தது. வலி பெரிதாக இல்லை, கண்ணும் அவ்வளவாகச் சிவக்கவில்லை. ஆனால் நடுவில் வட்டமாக இருக்க வேண்டிய கண்பாவை, ஒரு பக்கமாக இழுபட்டு நீர்த்துளி போன்ற வடிவத்தில் இருந்தது. கண் மருத்துவம் சிறிதளவு படித்தவருக்கும் அதன் பொருள் தெரியும்: கருவிழியில் ஓட்டை விழுந்து, உள்ளிருக்கும் திசு அந்த ஓட்டையை நோக்கி நகர்ந்துவிட்டது. கண்ணுக்கு மூடி வைத்து, உடனே ஈப்போவிலுள்ள ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனைக்கு அனுப்பினேன். தையல் போட்டார்கள். உள்ளிருக்கும் வில்லையும் அடிபட்டிருந்ததால் கண்புரைக்கு இன்னொரு அறுவைச் சிகிச்சை காத்திருக்கிறது. அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே இதை, அவருடைய ஒப்புதலோடு, எழுதுகிறேன்.

இங்கே என்னைப் பெரிதும் வாட்டுவது முள் பட்டதல்ல, அதைப் பிடுங்கியதுதான். "முள் உள்ளே இருக்கும் வரைதான் ஆபத்து, வெளியே எடுத்துவிட்டால் பாதி குணம்" என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. காலில் செம்பனை முள் ஏறினால் பிடுங்குகிறோம், விரலில் சிலாம்பு ஏறினால் ஊசியால் நெம்பி எடுக்கிறோம், அங்கெல்லாம் அது பலிக்கிறது. தூண்டில் முள் அப்படிப்பட்டதன்று. அதன் முனைக்குச் சற்றுக் கீழே, பின்னோக்கிச் சீவிய எதிர்முள் ஒன்று இருக்கிறது. மீன் வாயிலிருந்து முள் கழன்றுவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்யப்பட்டது. உள்ளே போகும்போது சிறு துளை போட்டுக்கொண்டு போகும் முள், வந்த வழியே இழுக்கப்படும்போது அந்தத் துளையைக் கிழித்துக்கொண்டு வரும். கண்ணோ உள்ளே நீரும் கூழும் நிறைந்த, குறிப்பிட்ட அழுத்தத்தில் இருக்கும் ஓர் உறுப்பு. பச்சை முட்டையில் குத்தி நிற்கும் ஆணியைப் பிடுங்கினால் என்ன நடக்குமோ அதுதான் இங்கும் நடக்கும். முள் உள்ளே இருக்கும் வரை அது ஓரளவுக்கு ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறது. பிடுங்கினால் அடைப்பும் போய், ஓட்டையும் பெரிதாகி, உள்ளே இருக்க வேண்டியது வெளியே வரத் தொடங்கும்.

இதில் இன்னொரு கொடுமை, இணையத்தில் பரவிக் கிடக்கும் காணொளிகள். முள்ளின் வளைவில் நரம்பைக் கோத்து, தண்டை அழுத்திப் பிடித்து, வெடுக்கென்று இழுத்தால் முள் பறந்து வந்துவிடும் என்று காட்டுகிறார்கள். அந்த முறை பொய்யன்று. கை, முதுகு போன்ற சதைப்பற்றான இடங்களில் ஆழமாகப் போகாத ஒற்றை முள்ளுக்கு நாங்களும் சில நேரம் அதைச் செய்வதுண்டு. ஆனால் அது முகத்துக்கும் கண்ணுக்கும் உரிய முறையன்று. "இமையில்தானே குத்தியிருக்கிறது, கண்ணில் இல்லையே" என்று வாதாடுபவர்களும் இருக்கிறார்கள். இமை மிக மெல்லியது. வெளியில் நின்று பார்ப்பவருக்கு இமையில் மாட்டியதுபோலத் தெரியும் முள்ளின் முனை, இமையைத் துளைத்துக்கொண்டு கண்விழிக்குள் இருக்கலாம். அதை அறிய விளக்கும் கருவியும் வேண்டும். அறுவைச் சிகிச்சைக் கூடத்தில்கூட, மயக்க மருந்து கொடுத்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, முனையை வேறு வழியாக வெளியே கொண்டுவந்து எதிர்முள்ளை வெட்டிய பிறகோ, ஊசியின் குழலால் எதிர்முள்ளை மூடிக்கொண்டோதான் கண் மருத்துவர் அதை எடுக்கிறார். அந்த வேலையைச் சமையலறை விளக்கில் பிளையரால் செய்ய வேண்டாம் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

பார்வை தெரிகிறது, வலி குறைந்துவிட்டது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஓட்டை விழுந்த கண்ணில் முதல் சில மணி நேரம் வலி அடங்கியே இருக்கலாம். ஆற்று நீரிலும் குட்டை நீரிலும் ஊறிய முள் கிருமிகளை உள்ளே விட்டுச் சென்றிருந்தால், அவை கண்ணுக்குள் பெருகி, பார்வையையே பறித்துவிடும். 24 மணி நேரத்துக்குள் காயத்தை மூடுவதை நாங்கள் அவ்வளவு வற்புறுத்துவதற்கு அதுவே காரணம். வீட்டில் கழியும் ஒவ்வோர் இரவும் அந்தக் கெடுவிலிருந்துதான் கழிகிறது.

எனவே முள் ஏறிவிட்டால், முதலில் யாரும் தொடக் கூடாது. முள்ளோடு கட்டியிருக்கும் நரம்பை ஒரு சாண் விட்டு வெட்டிவிடுங்கள், கோல் தொங்கி இழுக்காமல் இருக்கும். காகிதக் குவளை ஒன்றை, முள்ளின் மேல் படாதபடி கண்ணைச் சுற்றியுள்ள எலும்பின் மேல் கவிழ்த்து வைத்து, பிளாஸ்திரி ஒட்டுங்கள். குவளை ஆழம் போதாவிட்டால் பெரியதாகத் தேடுங்கள். துணியை மடித்து அழுத்திக் கட்டுவது, தண்ணீர் விட்டுக் கழுவுவது, சொட்டு மருந்து, களிம்பு எல்லாமே வேண்டாம். விளக்கெண்ணெய் வேண்டாம். தாய்ப்பால் வேண்டவே வேண்டாம்; குழந்தைக்கு அது அமுதம், திறந்த காயத்துக்கு அது கிருமிக்கு இடும் தீனி. முக்கியமாக, பயந்து போயிருக்கிறாரே என்று மைலோ கலக்கிக் கொடுக்காதீர்கள். அறுவைச் சிகிச்சை பெரும்பாலும் முழு மயக்கத்தில்தான் நடக்கும், பால் கலந்த பானம் குடித்தவரை மயக்க மருந்து மருத்துவர் ஆறு மணி நேரம் காக்க வைப்பார். அன்போடு கொடுத்த ஒரு குவளை மைலோ ஓர் இரவைத் தின்றுவிடும். காயப்பட்டவரைத் தலை உயர்ந்திருக்கும்படி சாய்த்து உட்கார வைத்து அழைத்துச் செல்லுங்கள். குமட்டல் இருந்தால் மருத்துவமனையில் உடனே சொல்லுங்கள், வாந்தியின் அழுத்தம் கண்ணுக்குப் பகை. வண்டி இல்லையென்றால் 999. முள் ஏற்கெனவே தானாக விழுந்துவிட்டாலும், யாராவது பிடுங்கிவிட்டிருந்தாலும் இதே நடைமுறைதான், மறைக்காமல் நடந்ததைச் சொல்லுங்கள், உங்களைத் திட்டுவதற்கு அங்கே யாருக்கும் நேரமில்லை. டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்பார்கள், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள்.

பழைய தோட்டத்து டிரெஸர்களை, அதாவது தோட்ட மருத்துவ உதவியாளர்களை, நாம் இன்றும் பெருமையாகப் பேசுகிறோம். அவர்களில் நல்லவர்கள் எதைத் தாங்கள் தொடக் கூடாது என்பதை நன்கு அறிந்திருந்தார்கள். கண் காயம் என்றால் மூடி வைத்து, தோட்டத்து லாரியிலாவது ஏற்றி அனுப்பினார்கள். இன்று ஈப்போ ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான்.

இனி, முள் ஏறாமல் பார்த்துக்கொள்வது பற்றி. ஃபிளை தூண்டிலில் இரைக்கு எடை கிடையாது, தடித்த நரம்பின் எடைதான் அதைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஈயக்குண்டு கட்டிய தூண்டிலை ஒருமுறை வீசினால் முடிந்தது. இங்கே நரம்பு தலைக்கு மேலே முன்னும் பின்னுமாகப் பலமுறை போய் வருகிறது, ஒவ்வொரு முறையும் முள் வீசுபவரின் காதோரம் கடக்கிறது. "பஞ்சு மாதிரி இருக்கிறது, இது என்ன செய்யும்" என்று இறகைப் பார்த்து ஏமாறாதீர்கள். இறகுக்கு உள்ளே இருப்பது எஃகு. செபாரா, தோமான் போன்ற மீன்களுக்குக் கட்டும் ஃபிளைகளில் அது தடித்த எஃகு. நன்றாக வீசுவதற்கு வலிமையைவிடக் காலக்கணக்கே வேண்டும் என்பதை அமெரிக்காவின் ஃபிளை வீச்சு வீராங்கனை ஜோன் வுல்ஃப் 1960ஆம் ஆண்டிலேயே 161 அடி தூரம் வீசிக் காட்டினார். நம் பெண்களுக்கும் அந்தக் கை விரைவில் வந்துவிடும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கை வரவர நரம்பின் வேகமும் கூடும், அப்போது முள்ளுக்கும் அதே வேகம்.

ஆகவே கண்ணாடி. வீசுபவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவர், படம் பிடிப்பவர், வேடிக்கை பார்க்க வந்த பிள்ளை, எல்லாருக்கும். பாலிகார்பனேட் வில்லை போட்ட, பக்கவாட்டையும் மறைக்கும் கண்ணாடி வேண்டும். பகலில் போலராய்ஸ்ட் கண்ணாடி அணிந்தால் நீர்ப்பரப்பின் கூச்சம் குறைந்து மீனும் தெரியும். சாதாரணக் கண்ணாடி வில்லை உடைந்து கண்ணுக்குள் போகக்கூடியது, அதை நம்ப வேண்டாம். நாற்பதைத் தாண்டிய பெண்கள் ஃபிளை கட்டும்போது வாசிப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வீசப் போகும்போது கழற்றி வைத்துவிட்டு வெறும் கண்ணோடு நிற்பதைத் திடலில் பார்த்தேன். கழற்றிய கையோடு பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டுங்கள். அழகாக இல்லை, முகம் வேர்க்கிறது என்ற முணுமுணுப்பும் காதில் விழுந்தது. தையல் போட்ட கண்ணை நான் பார்த்திருக்கிறேன், வேர்க்கட்டும்.

பயிற்சித் திடலில் முள் எதற்கு? நரம்பின் நுனியில் சிவப்புக் கம்பளி நூலை ஒரு விரற்கடை கட்டிக்கொண்டாலே வீச்சைக் கற்றுக்கொள்ளலாம். உலகெங்கும் பயிற்றுநர்கள் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். கண்காட்சியில் வீசிக் காட்டும்போதும் கம்பளி நூல்தான் இருக்க வேண்டும் என்று ஏற்பாட்டாளர்களிடம் நீங்களே கேட்டு வாங்குங்கள். ஆற்றுக்குப் போகும்போது எதிர்முள்ளைப் பிளையரால் நசுக்கி மழுக்கிவிடுங்கள். மீன் கொஞ்சம் தப்பும், தப்பட்டும். வலக்கைக்காரர் வலப்பக்கக் காற்றில் வீசினால் நரம்பு அவர் முகத்தின் மேலேயே வந்து விழும், அப்போது இடம் மாறி நில்லுங்கள். கிளையில் மாட்டிய ஃபிளையைக் கோலை வளைத்து இழுக்காதீர்கள், விடுபட்டால் அது நேராக இழுப்பவரின் முகத்துக்குத்தான் வரும். தொங்கும் ஜிமிக்கி, காற்றில் பறக்கும் துப்பட்டா, விரித்த கூந்தல் ஆகியவற்றில் முள் மாட்டி, அதைக் கண்ணால் பார்க்காமல் கையால் தேடி விரலில் ஏற்றிக்கொண்டவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

கூடாரத்தில் ஃபிளை கட்டிக் காட்டும் மேசை இருக்கும் என்று கேள்விப்பட்டேன். அங்கே உடனடிப் பசையைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். இமை ஒட்டிக்கொண்டால் பிரித்து இழுக்கக் கூடாது, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை மேலே வைத்து அழைத்து வாருங்கள். கட்டி முடித்த ஃபிளைகளைச் சட்டையில் குத்திக்கொள்ளாமல் மூடியுள்ள பெட்டியில் போடுங்கள், பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுபவர்கள் நீங்கள்.

குழுவில் மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்த அக்கா ஒருவர் இருக்கிறார், அவரைத் தடுத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டிலிருந்து அத்தகைய பெண்களுக்கென்றே ஃபிளை ஃபிஷிங் முகாம்கள் நடத்தும் அமைப்பு ஒன்று உண்டு, அந்த மென்மையான வீச்சு அறுவைக்குப் பின் இறுகிய தோளுக்கு ஏற்றது என்பதால். எந்தப் பக்க அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்தார்கள் என்பதை மட்டும் அவருடைய மருத்துவரிடம் பேசிக்கொண்டு தொடங்கட்டும், அந்தப் பக்கக் கையில் முள் குத்தினால் சிறு காயமென்று விடாமல் அன்றே வரட்டும்.

கண்காட்சிக்கு முந்திய சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு கிளினிக்கைக் குழுவினருக்காகத் திறந்து வைக்கிறேன். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து ஆண்டு கடந்தவர்களும் நினைவில்லாதவர்களும் வந்து போட்டுக்கொள்ளுங்கள். வாங்கிய பாதுகாப்புக் கண்ணாடியையும் கொண்டு வாருங்கள், முகத்துக்குப் பொருந்துகிறதா, பக்கவாட்டில் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். கூடாரத்தின் முதலுதவிப் பெட்டியில் காகிதக் குவளையும் பிளாஸ்திரியும் நரம்பு வெட்டும் கத்திரியும் இருக்கட்டும். பிளையரை மட்டும் அந்தப் பெட்டியில் வைக்காதீர்கள்.