ஹெலிகாப்டர் வந்து சேரும் வரை

சாலை விபத்துகளைப் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம், ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் இருந்தால் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அவசர சிகிச்சை மருத்துவராக எனக்கும் அந்த ஆதங்கம் உண்டு. ஆயினும், அந்தச் சேவையை வளர்த்தெடுத்த போர்க்களங்களின் வரலாறு வேகத்தை மட்டும் பற்றியதன்று.

1944 ஏப்ரலில், பர்மாவில் ஜப்பானியப் படைகளுக்குப் பின்னால் சிக்கிக்கொண்ட ஒரு விமானியையும் காயமுற்ற மூன்று பிரிட்டிஷ் வீரர்களையும் அமெரிக்க லெப்டினன்ட் கார்ட்டர் ஹார்மன் சிகோர்ஸ்கி ஹெலிகாப்டரில் மீட்டார். தடவைக்கு ஒருவரை மட்டுமே ஏற்ற முடிந்ததாலும், இடையில் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறியதாலும், மீட்பு முடிய மறுநாள் ஆயிற்று.

கொரியப் போரில் பயன்பட்ட பெல் ஹெலிகாப்டரின் இருபுறமும், வெளியே ஸ்ட்ரெச்சர்கள் பொருத்தப்பட்டிருந்தன. காயமுற்றவர் விரைவாக அறுவை மருத்துவமனையை அடைந்தார். ஆனால் வழியில் இரத்தம் கசிந்தால் அவரைத் தொடக்கூட எவராலும் முடியாது. வியட்நாமில் பறந்த ஹியூ ஹெலிகாப்டரில்தான் நோயாளிகள் உள்ளே வந்தார்கள், அவர்கள் அருகே மருத்துவ உதவியாளரும் அமர்ந்தார். என் பார்வையில் இந்த வரலாற்றின் பெரிய திருப்பம் இதுவே.

ஆப்கானிஸ்தானில், காயமுற்றவர் ஒரு மணி நேரத்துக்குள் சிகிச்சையை அடைய வேண்டும் என்று 2009-இல் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ் ஆணையிட்டார். அதன்பின், மருத்துவமனையை அடைய ஆகும் பயண நேரத்தின் இடைநிலை அளவு (பாதிப் பேருக்கு இதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம்) 90 நிமிடங்களிலிருந்து 43 ஆகக் குறைந்தது. இறப்பு விகிதமும் குறைந்தது. ஆனால் அதற்கு முன்பே, 2006-இல் பாக்தாதின் இராணுவ மருத்துவமனையில் நடந்த ஆய்வு வேறொன்றைக் காட்டியிருந்தது: கை கால்களில் பலத்த காயமடைந்தவர்களுள், அதிர்ச்சி நிலைக்கு (இரத்த இழப்பால் உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் செல்லாத நிலைக்கு) போகுமுன் டூர்னிகே (இரத்த ஓட்டத்தை நிறுத்தக் கை காலில் இறுக்கிக் கட்டும் பட்டை) கட்டப்பட்டவர்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் பிழைத்தார்கள்; அதிர்ச்சிக்குப் பின் கட்டப்பட்டவர்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினரே பிழைத்தார்கள்.

சாலை விபத்தில் காயமுற்று எங்கள் பிரிவுக்கு வருபவர்களின் காலில் பெரும்பாலும் ஒரு துண்டு தளர்வாகச் சுற்றப்பட்டிருக்கும். அந்தத் துண்டு இரத்தத்தை உறிஞ்சுமே தவிர, நிறுத்தாது. 108-ஐ அழைத்தவுடன் சுத்தமான துணியை மடித்து, இரத்தம் பீறிடும் இடத்தின் மேலேயே வைத்து, இரு கைகளாலும் முழு பலத்துடன் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து, ஆம்புலன்ஸ் பணியாளர் பொறுப்பேற்கும் வரை அழுத்திக்கொண்டே இருங்கள்.